பாக்கெட் மேல இருக்கற அம்மா

எந்தப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாலும் அக்கா முதலில் செய்வது ஒன்றுதான். மேலே இருக்கும் படத்தைப் பார்ப்பார். பிரிப்பார். உள்ளே இருப்பதைப் பார்ப்பார். மறுபடியும் படத்தைப் பார்ப்பார். டீக்குத் தொட்டுக்கொள்ள பிஸ்கட் வாங்கி வந்தால்கூட இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் டீ. படத்தில் மூன்று முந்திரி இருந்து பிஸ்கட்டில் ஒன்றும் இல்லாவிட்டால், "ஏமாத்திக்கீறான் பாரு நைனா" என்பார். சண்டைக்குப் போக மாட்டார். பிஸ்கட்டை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, காலிக் கவரை மடித்து என் மேஜைமேல் வைப்பார், குற்றப்பத்திரிகை மாதிரி.

என்னிடம் வைப்பதற்குக் காரணம், அந்த மாதிரிப் படங்களைப் போடுவதுதான் என் பிழைப்பு. சித்தூரில் லேபிள், பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். நகரியில் தறி ஓட்டிய குடும்பம் எங்களுடையது. திருப்பதியில் எம்.பி.ஏ. படித்தேன், மார்க்கெட்டிங். எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. படித்ததையெல்லாம் லேபிளில் இறக்கிவைத்தேன்.

அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை, லேபிள் அடிக்கக் கடைக்கு வந்து பழகியவர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சம்மதம் கேட்க இப்போது அவர் இல்லை. அவரைக் கேட்காமல் அவர் விஷயத்தில் நான் ஒன்று செய்து, அதற்குப் பட்டது போதும்.

புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ஊரைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. அக்காவின் அப்பா காலத்தில் அவர்களுக்குக் கையகல நிலம் கிடையாது. அக்கா காலத்தில் கொஞ்சம் வந்தது, அதில் வேர்க்கடலை போட்டார்கள். மாம்பழ சீசனில் அக்காவும் காலனிப் பெண்களும் சித்தூர்க் கூழ் ஃபேக்டரிக்குப் பழம் அறுக்கப் போவார்கள். சீசன் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்ததுதான் மாங்காய் உருண்டை. அக்காவும் அவரை நம்பி வந்த ஆறு பெண்களும் செய்தார்கள்.

அது பிறந்த விதத்தை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் முழுக்க அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாராம். மொட்டை போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள் தயிர்சாதப் பொட்டலம் வாங்குகிறார்கள். தொட்டுக்கொள்ள ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிய்க்கிறார்கள். எண்ணெய் பீய்ச்சி வேட்டியில் அடிக்கிறது, பட்டுப்புடவையில் அடிக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் அங்கேயே சண்டை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, எண்ணெய் கையில் ஒட்டாத ஊறுகாய் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். பெங்களூரா மாங்காயைத் துருவி, உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, மிளகாய், வெந்தயம், வெல்லம் சேர்த்துச் சுண்டக் கிளறி, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுவார்.

பதம் சரியாக வரும்வரை டப்பாவில் போட்டுக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் போவார். தயிர்சாதம் தின்கிறவர்களுக்குச் சும்மா ஒரு உருண்டை கொடுப்பார். எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார்.

"கேட்டாதானேக்கா தெரியும்?" என்றேன். எங்கள் படிப்பில் கேள்வித்தாள் தயாரிப்பதற்கென்றே ஒரு பாடம் உண்டு.

"சும்மா குடுத்தா எல்லாரும் நல்லா கீதும்பாங்க நைனா. வாய பாத்தா செரிப்படாது. எலைய பாக்கணும்."

இலையில் பாதி உருண்டை கிடந்தால் காரம் ஜாஸ்தி. ஓரத்தைக் கிள்ளிவிட்டு ஒதுக்கியிருந்தால் உப்பு. தமிழ்நாட்டுக்காரர்கள் விட்ட மிச்சத்தையும் நம் ஆந்திராக்காரர்கள் விட்ட மிச்சத்தையும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டு பேர் இலையிலும் ஒன்றும் மிஞ்சாத ஒரு காரத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு ஒரு வருஷம் போல ஆனது.

விலை வைத்தது மட்டும் ஒரே நிமிஷத்தில். பத்து ரூபாய். "கண்டக்டர் விசிலு ஊதிக்கினு கீறான். சில்லறைக்கு எங்க ஓடுவான்? நோட்ட நீட்டுனமா, பாக்கெட்ட வாங்குனமான்னு இருக்கணும்." ஒரு பாக்கெட்டில் மூன்று உருண்டை.

பிறகு மிளகாய் விலையும் வெல்லம் விலையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறின. பத்து ரூபாயைப் பன்னிரண்டாக்கினால் சில்லறைப் பிரச்சினை. எல்லாக் கம்பெனிகளும் செய்வதைத்தான் நானும் சொன்னேன். "உருண்டையைக் கொஞ்சம் சின்னதா பண்ணுங்கக்கா. யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

"நான் கண்டுபிடிச்சிருவேனே" என்றார்.

உருண்டை அதே அளவில் இருந்தது. மூன்று இரண்டாயிற்று. அதோடு விட்டாரா என்றால் இல்லை. பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே, பெயருக்குக் கீழே, தெலுங்கிலும் தமிழிலும் கொட்டை எழுத்தில் 'ரெண்டு உருண்டை' என்று போடச் சொன்னார். குறைத்ததை இப்படித் தண்டோரா போடும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. ஒரு மாதம் விற்பனை படுத்தது. பிறகு எழுந்து நடந்தது.

லேபிள் வேலைக்கு அவர் முதலில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் வரைந்து வைத்திருந்த மாங்காயில் இரண்டு பச்சை இலைகள் இருந்தன. "எல உள்ள போடலியே" என்றார். எடுத்தேன். முழு மாங்காய் எதற்கு, உள்ளே இருப்பது உருண்டைதானே என்றார். அதையும் எடுத்தேன். பெயருக்கு ஆறேழு யோசனை வைத்திருந்தேன், எல்லாவற்றிலும் 'அக்ரஹாரம்', 'தெய்வீகம்' என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தது. "மாங்கா உருண்டைக்கு மாங்கா உருண்டைனு பேரு வெச்சா இன்னா?" என்றார். அதையே வைத்தோம்.

திருப்பதியில் விற்கும் பொருள், சாமி படம் ஒன்று மூலையில் இருந்தால் நல்லது என்றேன்.  "துன்னுட்டு இந்த கவர எங்க போடுவாங்க?" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் கீழேதான் போடுவார்கள் என்றேன். "மிதிப்பாங்க இல்ல? வேணாம்" என்றார்.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சில பாக்கெட்டுல செய்றவங்க போட்டோவ போடறாங்களே. அந்த மாதிரி என்னுத போடலாமா நைனா? நான்தான செய்றேன்." முதல் லேபிளில் இடம் இல்லை என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். ஆனால் தனக்கென்று அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

பஸ் ஸ்டாண்ட் விற்பனை ஏழு பேருக்குப் போதவில்லை. பெரிய கடை ஒன்று பிடித்தால்தான் வருஷம் முழுக்க வேலை. அதனால் நானும் அவரும் திருப்பதியில் யாத்திரிகர்கள் மொய்க்கும் கடை ஒன்றுக்கு சாம்பிளோடு போனோம். முதலாளி ஒரு உருண்டையை வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. இன்னொன்றைப் பாதி கடித்துக்கொண்டே, "ஏ ஊரம்மா?" என்றார். அக்கா சொன்னார். "ஊள்ளோ எக்கட?" ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கிறார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரியாமல் இருக்காது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

"காலனி" என்றார் அக்கா.

கடித்த மிச்சத்தை அந்த மனிதர் காகிதத்தில் வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டார். "போன் சேஸ்தா" என்றார். போன் வரவில்லை.

திரும்பும் பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. "ரெண்டாவது உருண்டைய அவனாதான எடுத்தான்?" என்று கேட்டார் அக்கா. ஆமாம் என்றேன். 

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்ட யோசனை. காசு கட்டினால் இணையத்தில் முகங்கள் கிடைக்கும். ஒன்பது கெஜம் கட்டி, மூக்குத்தி மின்ன, பளீர் நிறத்தில், சமையலறையில் நின்று சிரிக்கும் ஒரு அம்மாவை இறக்கினேன். லேபிளில் உருண்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதைப் பார்த்த பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

"இவங்க யாரு நைனா?"

"யாரும் இல்லக்கா. மாடல். நடிக்கிறவங்க மாதிரி."

"இவங்க இத செய்யலியே."

"செய்றாங்கன்னு நாம எங்கயும் எழுதலையேக்கா. படம்தானே."

இதுதான் நான் இரண்டு வருஷம் காசு கட்டிப் படித்தது.  "ஆறு பேரு கீறாங்க என்ன நம்பிக்கினு" என்றார். "செரி, போடு." அன்றைக்கு அவர் படத்தையும் உள்ளே இருப்பதையும் மாற்றி மாற்றிப் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டார். அவர் தலையாட்டிய ஒரே பொய் அது. தலையாட்ட வைத்தவன் நான்.

விற்றது. பொல்லாத விற்பனை. சித்தூர் ஏஜென்ட் ஒருவர் மூலமாகப் போனதால், அதே திருப்பதி முதலாளி அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வாங்கினார். ஆறு பேருக்கும் வருஷம் பூரா வேலை. நானும் ஒரு கட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா தயிர்சாதத்தோடு தின்றுவிட்டுப் படத்தைப் பார்த்து, "அவங்க கைப்பக்குவமே தனிதான்டா" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திருப்பதி முதலாளியை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? என் வீட்டிலேயே எனக்கு அந்தப் படம் தேவைப்பட்டது.

முகவரியைச் சின்ன எழுத்தில் போடலாம் என்றுதான் நான் இருந்தேன். அக்கா விடவில்லை. அதுவாவது கண்ணுக்குத் தெரியட்டும் என்றார். அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு கார் வந்தது.

அடுத்த நாள் அக்கா கடைக்கு வந்தார். ஒரு பையை என் மேஜைமேல் வைத்தார். உள்ளே வெற்றிலைபாக்கு, மஞ்சள், குங்குமம், பச்சை நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணி.

"மெட்ராஸ்காரங்க. சாமி கும்ட்டுக்கினு திரும்பி வராங்க. பாக்கெட்ட காட்டி, இந்த மாமி இருக்காங்களான்னாங்க. நான் அப்பதான் மொளகா கலந்துக்கினு கீறேன். இன்னா சொல்வேன்? வெளிய போயிக்கீறாங்கன்னேன்."

நான் அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்தம்மாவோட ஆத்தாவுக்கு ஒடம்பு செரியில்லியாம். ஒன்னும் எறங்கலியாம். நம்ம உருண்டைய வெச்சிக்கினுதான் ரெண்டு வாயி தயிர் சோறு துன்னாங்களாம். அத சொல்லிக்கினே அந்தம்மா அழுவுது. எனுக்கும் அழுவ வந்துருச்சி. தண்ணி மோந்து குடுத்தேன். வேணாம், கார்ல இருக்குன்னுச்சி. அப்பறம் இத நீட்டி, பாக்கெட் மேல இருக்கற அம்மாகிட்ட குடுத்துடு, மறந்துடாதேன்னுச்சி."

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தார்.

"பொய் சொன்னது நான் நைனா. நீ படம்தான் போட்ட. என் ஊட்டு வாசல்ல நின்னுக்கினு, நான் இல்லன்னு நானே சொல்லிக்கீறேன்." பையை என் பக்கம் தள்ளினார். "இது உன் ஆளுக்கு வந்துது. அட்ரஸ் குடு. நானே போயி குடுத்துட்டு வரேன்."

கோபத்தில் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஒருவருக்கு வந்த பொருளை அவரிடம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். எந்த ஊரில் எந்த ஸ்டூடியோவில் எடுத்த முகமோ, எனக்கு எங்கே தெரியும்? தெரியாது என்றேன்.

"அப்ப அந்த படத்த எடுத்துரு. என்னுத போடு."

எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். விற்பனை விழும், பெட்டி பெட்டியாகத் திரும்பி வரும், ஆறு பேரை நினைத்துப் பாருங்கள் என்றேன். அந்த ஆறு பேரையும் கேட்டுவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். கடைசியாக, அவர் சாமி படத்துக்குச் சொன்னதையே எடுத்து வீசினேன். "பஸ் ஸ்டாண்டுல உங்க மூஞ்சியத்தானேக்கா மிதிப்பாங்க?"

"மிதிக்கட்டும்" என்றார். "அதுக்கு முந்தி ஒரு வாட்டி பாத்துருப்பாங்க இல்ல?"

அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

போட்டோ எடுக்க நகை போட்டுக்கொண்டு வரவில்லை. வேலை செய்யும்போது கட்டும் தலைத்துணியோடு வந்தார். விரல்களில் மிளகாய்ச் சிவப்பு. சிரிக்கச் சொன்னேன், பாதி சிரித்தார். நல்ல படம். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் அசிங்கம். கல்யாணப் பெண் படம் வந்தாலும், பள்ளிக்கூடக் குழந்தை படம் வந்தாலும் நாங்கள் கை பழக்கத்தில் செய்கிற வேலை அது. நிறத்தை இரண்டு பங்கு வெளுப்பாக ஏற்றினேன். கன்னத்தில் இருந்த தழும்பை அழித்தேன். அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

மாதிரித் தாளை அடித்துக் கொடுத்தேன். அக்கா முந்தானையை ஒதுக்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தன் கையை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். தாளைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"இதுவும் வேற யாரோதான் நைனா" என்றார்.

 ஏற்றியதையெல்லாம் இறக்கினேன். தழும்பைத் திரும்பக் கொண்டுவந்தேன். இரண்டாவது தாளுக்குப் பக்கத்திலும் கையை வைத்துப் பார்த்தார். "ம்" என்றார். கிளம்பும்போது அந்த ரவிக்கைத் துணியை எடுத்து நீட்டினேன். "இனிமே பாக்கெட் மேல இருக்கற அம்மா நீங்கதானேக்கா. வாங்கிக்குங்க."

"எனுக்கு வந்தது இல்ல அது" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

நான் பயந்தபடியேதான் ஆயிற்று. திருப்பதி முதலாளி பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார், ருசி மாறிவிட்டதாம். ஏஜென்ட் சொன்னபோது நான் அந்த மனிதரை வாயில் வந்தபடி திட்டினேன். அன்று வீட்டுக்குப் போனால், அம்மா தட்டில் உருண்டையை ஒதுக்கி வைத்திருந்தாள். "இப்ப வர்றது ஏதோ வாடை அடிக்குதுடா" என்றாள். அதே மாங்காய், அதே மிளகாய், அதே கை. அம்மாவிடம் அன்றைக்கு உண்மையைச் சொன்னேன், எல்லாவற்றையும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றுவரை அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை.

ஆறு பேரில் இரண்டு பேர் கட்டட வேலைக்குப் போனார்கள். அவர்கள் போன அன்று அக்கா சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுநாளிலிருந்து காலையில் முதல் பஸ் பிடித்து, கூடையோடு திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அவரே நின்றார். பஸ் ஜன்னலில் பாக்கெட்டை நீட்டுகிறவர் முகமும் பாக்கெட்டில் இருக்கும் முகமும் ஒன்று. வாங்கியவர்கள் சிலர் அதையும் இதையும் மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள் என்று சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கும் முழுச் சிரிப்பு வரும். விற்பனை மெல்ல ஏறியது. பழைய உயரத்துக்கு வரவே இல்லை. போன இருவரில் ஒருத்தி திரும்பி வந்தாள்.

போன வருஷம், கூழ் சீசன் முடிகிற சமயம். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அக்காவின் மகள் தடா பக்கம் கம்பெனி வேலையிலிருந்து ஓடிவந்திருந்தாள். காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தாள். பிளெக்ஸ் போட வேண்டும். வீட்டில் தேடினால் அம்மாவின் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. கையில் மாங்காய் உருண்டைப் பாக்கெட்டைத்தான் வைத்திருந்தாள்.

"இதுல இருக்கறதயே பெரிசா போட்டுத் தாங்கண்ணா" என்றாள். கொஞ்சம் தயங்கி, "ரோட்டுல கட்டறது. நாலு பேரு பாப்பாங்க. கொஞ்சம் வெளுப்பா பண்ணிடுங்க" என்றாள்.

முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளுடைய அம்மா இதே மேஜையில் கையை வைத்துப் பார்த்த கதையைச் சொன்னேன்.  அந்தப் பெண் மேஜைமேல் அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

ஆளுயரப் படம். தலைத்துணி, தழும்பு, பாதிச் சிரிப்பு, உள்ளது உள்ளபடி. சித்தூர்–திருப்பதி ரோட்டில் காலனி திரும்பும் முனையில் கட்டினார்கள். காரியத்துக்கு நான் கிளம்பும்போது டிராயரைத் திறந்து அந்த ரவிக்கைத் துணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். படத்துக்கு முன்னால் வைத்துவிடலாம் என்று எண்ணம். அங்கே போய், கூட்டத்தில் நின்று, பைக்குள் கையை விட்டேன். படத்தில் இருந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனுக்கு வந்தது இல்ல அது."

திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். இப்போதும் டிராயரில்தான் இருக்கிறது, அந்த மாமி படம் போட்ட பழைய லேபிள் ஒன்றின்மேல். யாருக்கோ கொடுக்கச் சொல்லி வந்த பொருளை அக்கா என்னிடம் விட்டுப் போனதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாக்கெட்டில் அந்த மாமியை உண்டாக்கியவன் நான். சேர வேண்டிய இடத்தில்தான் அவர் அதைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.